பாலாற்றை முன்வைத்து: நீரின் தரமும் அரசின் பார்வையும்

1

ஆறு என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டில் ஒரு சட்ட விளக்கம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் தன் இரண்டாம் பிரிவில் ‘நீரோடை’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. ஆறு, ஓடிக்கொண்டிருந்தாலும் தற்போதைக்கு வறண்டு கிடந்தாலும் நீர்வழி, இயற்கையோ செயற்கையோ உள்நாட்டு நீர்நிலை, நிலத்தடி நீர், கடல் நீர். எல்லாம் அதில் அடக்கம். பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். வருசத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஒன்றை, ‘இதெல்லாம் ஒரு ஆறா’ என்று மணல் லாரிக்காரரும் காண்ட்ராக்டரும் நினைக்கிற ஒன்றை, சட்டம் ஆறு என்றே ஒத்துக்கொண்டிருக்கிறது. மணலுக்கு அடியில் ஓடுவதையும் சேர்த்து.

சட்டம் இவ்வளவு அகலமாகப் பார்க்கிறது. அதைக் கையில் வைத்திருக்கிற நிர்வாகம் மிகக் குறுகலாகப் பார்க்கிறது. இந்த இடைவெளியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. காஞ்சிபுரத்திலிருந்து பார்க்கும்போது இந்த இடைவெளி நன்றாகவே தெரிகிறது. ஊருக்குத் தெற்கே பாலாறு, ஊரை ஒட்டி வேகவதி, ஊருக்குள் கோயில் குளங்கள், தெருக்களில் சாயத் தண்ணீர் என்று நான்கு வகை நீர் இங்கு உண்டு. நான்கையும் அரசு ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

நம் எழுத்துச் சூழலில் ஆறு என்றால் ஒன்று புலம்பல், இல்லாவிட்டால் கோபம். எண்களை அதிகாரிகளிடமும் பொறியாளர்களிடமும் விட்டுவிட்டு நாம் படிமங்களை வைத்துக்கொண்டோம். நீரின் தரம் என்பது ஏதோ நீருக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கருவியை விட்டால் தெரிந்துவிடும் என்பது பொதுப்புத்தி. எங்கே அளப்பது, எந்த நாளில் அளப்பது, எதை அளப்பது, யார் முன்னிலையில் அளப்பது என்பதெல்லாம் முடிவான பிறகுதான் ‘தரம்’ என்று ஒன்று உண்டாகிறது. அந்த முடிவுகளை எடுக்கிறவர்களே எது மாசு, யார் மாசுபடுத்துகிறவர் என்பதையும் தீர்மானிக்கிறார்கள். எனவே எண்ணையும் ஒரு பிரதியாக வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற பெயரில் ‘வாரியம்’ பழைய சொல். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் வருகின்றன. குடவோலை போட்டு ஆள் எடுத்ததைப் பாடப்புத்தகம் பெருமையோடு சொல்லும். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். பிராமணச் சபை அது. ஏரியில் மண் சுமந்தவர்கள் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. ‘அந்தக் காலத்தில் தண்ணீரை எப்படிப் பாதுகாத்தார்கள் பாருங்கள்’ என்று சிலாகிக்கிற சூழலியல் நண்பர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஒரு விஷயம் மட்டும் உண்டு. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அந்தக் கல்வெட்டு விதிக்கிறது. புதிய வாரியம் பெயரை எடுத்துக்கொண்டது, இதை எடுத்துக்கொள்ளவில்லை.

புதிய வாரியத்தின் கதை வேறு. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. இரண்டு ஆண்டுகளில் இங்கே நீர்ச் சட்டம் வந்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலங்கள் சில தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். எட்டு வருசம். அந்த எட்டு வருசமும் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் சும்மா இருக்கவில்லை. 1989-இல் அரசு ஓர் ஆணை போட்டது: குறிப்பிட்ட ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசுண்டாக்கும் தொழிற்சாலைகள் வரக்கூடாது. ஏற்கெனவே வந்துவிட்டவை அங்கேயே இருந்தன.

இனி, மாதிரி எடுக்கும் விதம். சட்டத்தின் இருபத்தோராம் பிரிவு ஒரு சின்ன நாடகம் மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. கழிவுநீரை எடுக்க வாரியத்து ஆள் போகிறார். இதைச் சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று அங்கேயே, அப்போதே, ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுக்கிறார். அவர் முன்னிலையில் நீரை இரண்டு பங்காக்குகிறார். அடைத்து முத்திரை வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு பங்கு வாரியத்தின் சோதனைச் சாலைக்குப் போகிறது. இந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு வழக்கில் சான்றாகாது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு இப்படி ஒரு பாதுகாப்புத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். தெருக் குழாயில் நாற்றத்தோடு வருகிற தண்ணீரை ஒரு பெண் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறாள். அவள் கையில் இருப்பது தண்ணீர். மாதிரி அல்ல. மாசுபடுத்தியதாகச் சொல்லப்படுகிறவரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் அது மாதிரி. அந்தத் தண்ணீரைக் குடித்தவளின் கையெழுத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

2024-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. பல மீறல்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு. பிற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ளலாம். சிறைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள், சரிதான். இருந்தாலும் ஆற்றைக் கெடுப்பது குற்றம் என்ற நிலையிலிருந்து செலவுக் கணக்கில் ஒரு வரி என்ற நிலைக்கு நகர்வது சிறிய மாற்றம் அல்ல.

3

நீரின் தரத்தைச் சொல்கிற எண்களில் அதிகம் புழங்குவது பி.ஓ.டி. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று தமிழில் எழுதுகிறார்கள். விஷயம் எளிதுதான். தண்ணீரில் சோறு, சாணம், மலம், பசை என்று மக்கக்கூடிய பொருள் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன. அழுக்கு அதிகமானால் ஆக்சிஜன் செலவும் அதிகம்; மீனுக்கு மூச்சு முட்டும். குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட வெப்பத்தில், ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதுதான் இந்த எண்.

எத்தனை நாட்கள்? ஐந்து. ஏன் ஐந்து? இங்கிலாந்தின் கழிவுநீர் அகற்றலுக்கான ராயல் கமிஷன் வகுத்த கணக்கு அது. அந்த நாட்டு ஆறுகளில் விழுந்த எதுவும் ஐந்து நாட்களுக்குள் கடலுக்குப் போய்விடும். அந்நாட்டுக் கோடைகால ஆற்றின் வெப்பமே சோதனைக்கும் வெப்பமாயிற்று. 1912-இல் வந்த அதன் எட்டாவது அறிக்கை, சுத்திகரித்து விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. 20-ஐத் தாண்டக்கூடாது என்றது. அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது: கழிவுநீர் ஒரு பங்கென்றால், ஆற்றில் குறைந்தது எட்டுப் பங்கு நல்ல நீர் ஓட வேண்டும். எண்ணுக்குள் ஓர் ஆறு ஒளிந்திருக்கிறது. அது எப்போதும் ஓடுகிற, குளிர்ந்த, குட்டையான இங்கிலாந்து ஆறு.

இந்தியாவில் நாளையும் வெப்பத்தையும் மாற்றிக்கொண்டார்கள். இப்போது 27 டிகிரியில் மூன்று நாட்கள் என்றும் அளக்கிறார்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு பி.ஓ.டி. 30. ஓடுகிற ஆறு என்ற அனுமானத்தை யாரும் மாற்றவில்லை. நந்தி மலையில் தொடங்கி 348 கிலோமீட்டர் வந்து கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிற பாலாற்றில் வருசத்தில் பல மாதம் நீரோட்டமே கிடையாது. எட்டுப் பங்கு நல்ல நீர் எங்கிருந்து வரும்? வரம்புக்கு உட்பட்ட கழிவுநீரே அங்கு ஆறாகிவிடுகிறது.

அடுத்தது வகைப்பாடு. மத்திய வாரியம் நீரை ஏ முதல் இ வரை ஐந்து பிரிவாக்கியிருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்கது ஏ; அதற்கு பி.ஓ.டி. 2-க்குள் இருக்க வேண்டும். குளிக்க பி. சுத்திகரித்துக் குடிக்க சி. இந்த இரண்டுக்கும் பி.ஓ.டி. 3. மீனுக்கும் விலங்குக்கும் டி. பாசனத்துக்கும் ஆலையைக் குளிர்விக்கவும் இ. இந்த முதன்மை அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் கடைசியிலுள்ள இ பிரிவில்தான் வருகிறது. குடிக்கும் நீருக்கான பிரிவுகளில் உப்பைப் பற்றிப் பேச்சில்லை. குரோமியம் எதிலும் இல்லை. நிறம் எதிலும் இல்லை.

இந்த அளவுகோலை வைத்து நாட்டின் ஆறுகளைப் பட்டியலிட்டார்கள். பி.ஓ.டி. 3-க்கு மேல் போனால் மாசுபட்ட பகுதி. 2018 பட்டியலில் 351 பகுதிகள். தமிழ்நாட்டிலிருந்து ஆறு: காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, தாமிரபரணி. பாலாறு இல்லை. நாற்பது வருசத் தோல் கழிவைக் குடித்த ஆறு, நாட்டின் உச்ச நீதிமன்றமே பெயர் சொல்லி அழுத ஆறு, பட்டியலில் இல்லை. 2022 பட்டியலில் 311 பகுதிகள், தமிழ்நாட்டிலிருந்து பத்து, அதில் பாலாறு வந்தது. நடுவிலிருந்த நாலு வருசத்தில் பாலாறு திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. உப்பால் செத்த ஆற்றை ஆக்சிஜனை வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும். போதாக்குறைக்கு, வறண்டிருக்கும் மாதத்தில் மாதிரி எடுக்க நீரே இருக்காது. நீரில்லாத இடத்தில் எண்ணும் இல்லை. எண் இல்லாத இடத்தில் மாசும் இல்லை.

இதைச் சதி என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் வேலை சுலபமாகிவிடும். நேர்மையான ஓர் அதிகாரி நேர்மையாக அளந்தாலும் இந்த முடிவுதான் வரும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதிகாரம் பொய்யை மட்டும் உற்பத்தி செய்வதில்லை, உண்மையையும் உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் சொல்வதற்கு நம்மூர் உதாரணம் இது.

4

அப்படியானால் பாலாற்றின் அழிவு எப்படித்தான் வெளியே தெரிந்தது? கிணறுகள் வழியாக.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் ஆலைகள் பெருகின. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு குரோமியம் போட்டுப் பதப்படுத்துவது. உப்பு மக்காது. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னாது. மணலில் இறங்கிக் கிணற்றுக்கு வந்துசேரும். கரையோர விவசாயிக்கு இதைச் சொல்ல கருவி வேண்டியிருக்கவில்லை. தென்னை காய்க்கவில்லை, நெல் கருகுகிறது, தண்ணீர் கரிக்கிறது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கிட்டபடி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்ததைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் இயற்கையின் பக்கம் நிற்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கரைந்த உப்புக்கு வாரியம் விதித்த 2,100 மில்லிகிராம் வரம்பு கூடாதென்று ஆலைக்காரர்கள் வாதாடினார்கள். அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்.

இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் வந்தது. 2001-இல் அது ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. மாசு அத்தோடு நின்றதா என்றால், 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாறு, இதே தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு ஈடு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட வேண்டும் என்று உத்தரவு. முதல் தீர்ப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருபத்தெட்டு வருசம்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முக்கியமாயின. தண்ணீரிலிருந்து எடுத்த அழுக்கு மாயமாகப் போய்விடாது, சேறாகத் தேங்கும். 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை அந்தச் சேறு மூடியது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைப் பாதுகாக்கும் ஏற்பாடு தொழிலாளியின் உடலைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நீரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

5

மேற்கேயிருந்து வரும் அந்தப் பாலாறுதான் காஞ்சிபுரத்துக்குக் குடிநீர். ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்று மணலில் கிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்குப் பளபளப்பு என்று ஊரில் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ, நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் பட்டில் சாயம் சீராகப் பிடிக்காது என்பது சாயக்காரர் யாருக்கும் தெரிந்தது. மாசுபட்ட நீரால் கெடுகிறவர், நீரை மாசுபடுத்துகிறவர் என்ற இரண்டு வேஷமும் இந்த ஊரில் ஒரே ஆளுக்குத்தான்.

பட்டறையில் நடப்பதைப் பார்க்கலாம். கச்சாப் பட்டில் நாலில் ஒரு பங்கு அளவுக்குச் செரிசின் என்ற பசை உண்டு. பட்டுப்புழு கூட்டைக் கட்ட உமிழ்வது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை நீக்குவார்கள். அப்புறம் சாயம், அமிலம், அலசல், மறுபடி அலசல். ஒரு கிலோ கச்சாப் பட்டில் கால் கிலோ பக்கம் தண்ணீரோடு போய்விடுகிறது. இந்தப் பசை புரதம், மக்கக்கூடியது. பி.ஓ.டி. எண் இதை உடனே பிடித்துக்கொள்ளும்.

இப்போது மூன்று நீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாணியம்பாடித் தோல் நீரில் உப்பும் குரோமியமும். திருப்பூர்ப் பருத்திச் சாய நீரிலும் உப்பு. ஏனென்றால் பருத்தியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். காஞ்சிப் பட்டு நீரில் பசையும் நிறமும், உப்புக் குறைவு. உலோகம் கலந்த சாயங்களைப் பயன்படுத்தினால் அதுவும் சேரும், கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பசையைப் பொறுத்தவரை அது வீட்டுச் சாக்கடைக்கு உறவு. ஒழுங்கான நகரக் கழிவுநீர் நிலையம் ஒன்று கையாளக்கூடியது. மூன்றுக்கும் ஒரே அரசியல், ஒரே தண்டனை, ஒரே தொழில்நுட்பம் என்று போவது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

நொய்யல் இதற்கு எச்சரிக்கை. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது, சாயக் கழிவின் தொட்டியாயிற்று. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது; எழுநூறுக்கு மேற்பட்டவை மூடப்பட்டன. கழிவே வெளியேறாத ‘பூஜ்ய வெளியேற்றம்’ நிபந்தனையாயிற்று. நொய்யல் விவசாயிக்கு வேறு வழியும் இருக்கவில்லை, அவர் பக்கம் நியாயம். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் செலவைத் தாங்க ஏற்றுமதிப் பணம் வேண்டும். இரண்டு அண்டா, நாலு ஆள் வைத்திருக்கும் பட்டுச் சாயக்காரரிடம் அதைக் கேட்டால் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு இரவில் வேலை செய்வார். இரவில் வரும் தண்ணீருக்கு மாதிரி கிடையாது.

நிறம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கழிவுநீருக்கான பொது வரம்புகளில் ஒரு குறிப்பு: நிறத்தையும் துர்நாற்றத்தையும் இயன்றவரை நீக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும். அவ்வளவுதான். எண் கிடையாது. சனங்கள் மாசைக் கண்டுபிடிப்பது நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து. அந்தப் பொது வரம்புகள் இந்த இரண்டுக்கும் எண் தராமல் விட்டிருக்கின்றன. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் உண்மை உண்டு. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் சாயக்காரர் எளிதில் குற்றவாளியாகிறார். அதே கால்வாயில் ஊரின் மலமும் லாட்ஜுகளின் கழிவும் கலப்பது நிறமில்லாமல் நடக்கிறது. மஞ்சள் நீர் கால்வாய் மழைநீருக்கானது. அதில் சாக்கடையும் சாயமும் சேர்ந்து நத்தப்பேட்டை ஏரிக்குப் போனதை ஊரே பார்த்தது. கால்வாயைப் பார்க்கிறவர் சிவப்பைப் பார்ப்பார். ஏரியைக் கொன்றதில் நகராட்சியின் பங்கு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. காஞ்சிபுரம் 1866-இலேயே நகராட்சியானது, 2021-இல் மாநகராட்சி.

சாயங்களின் விஷம் பற்றி அரசுக்கு அக்கறை வந்த வழியையும் சொல்ல வேண்டும். சில அசோ சாயங்கள் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதையக்கூடியவை. 1994-இல் ஜெர்மனி அவற்றைத் துணிகளில் தடை செய்தது. ஏற்றுமதி நின்றுபோகும் என்ற பயம் வந்த பிறகு, 1997-இல் இந்தியா 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஜெர்மானியத் தோலுக்காக வந்த சட்டம் அது. அண்டாவுக்குள் கைவிட்டுக் கழி திருப்புகிறவரின் தோல் அதுவரை யாருக்கும் பிரச்சினையாக இருந்ததில்லை.

வேகவதிக்கு வருவோம். அவள் வேகத்தைத் தடுக்கப் பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்தார் என்பது திருவெஃகா தலபுராணம். இன்றைக்குத் தடுக்க வேகம் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் காப்பது என்ற பேச்சு தீவிரமானது. அதன் முதல் நடவடிக்கை கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கீழ்கதிர்ப்பூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பும் திட்டம். ஆற்றுப் படுகையில் வாழ்வது ஆபத்து, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பு என்ற சொல் யாரிடம் மென்மையாகவும் யாரிடம் புல்டோசரோடும் வருகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

2019-இல் அத்திவரதர் வெளியே வந்தார். நாற்பது வருசத்துக்கு ஒருமுறை. ஜூலை 1 முதல் 48 நாட்கள். அவரைத் திரும்ப அனந்த சரஸ் குளத்தில் வைக்கும் சமயம், குளத்து நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கொண்டு சோதிக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. கேட்டால் வாரியம் வரும், வந்தால் அளக்கும், அளந்தால் பதில் சொல்லும் என்று அந்த ஆகஸ்டில் தெரிந்தது. பெருமாள் படுக்கும் நீருக்குக் கிடைத்த அந்த உரிமை, பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் குடிக்கும் நீருக்கும் வேண்டும் என்கிறேன்.

6

எண்கள் பொய் என்று தூக்கிப் போடுவது நமக்குக் கட்டுப்படியாகாது. 1996 தீர்ப்பு வந்தது எண்களால்தான். ஆனால் அவை கரிக்கிற கிணற்றிலிருந்தும் கருகின வயலிலிருந்தும் எழுந்த எண்கள். எங்கே அளக்க வேண்டும் என்பதைப் பாதிக்கப்பட்டவர்கள் சொல்ல நேர்ந்த அபூர்வமான தருணம் அது. அதை வழக்கமாக்குவதுதான் நம் முன்னாலிருக்கும் வேலை. சட்டத்திலேயே அதற்கு இரண்டு மூன்று கதவுகள் இருக்கின்றன. தட்டுகிறவர்தான் இல்லை.

ஒன்று: இருபத்தைந்தாம் பிரிவின் ஆறாவது உட்பிரிவு. எந்த ஆலைக்கு, எந்தக் கழிவு வாய்க்கு, என்ன நிபந்தனையோடு இசைவு கொடுத்தோம் என்று வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்படுகிற யாரும் அதைப் போய்ப் பார்க்கலாம். இது 1974-இலிருந்தே இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு முப்பது வருசம் முன்னாலிருந்து.

இரண்டு: நாற்பத்தொன்பதாம் பிரிவு. 1988 திருத்தத்துக்குப் பின், அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். அப்போது தன்னிடமுள்ள அறிக்கைகளை அவருக்குக் கேட்டால் கொடுப்பது வாரியத்தின் கடமை. பொதுநலனுக்கு விரோதம் என்று சொன்னால் மட்டும் மறுக்கலாம். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன அந்தப் பெண், முத்திரை வைத்த மாதிரியின் அறிக்கையைத் தன் பெயரில் கேட்டு வாங்குவதற்கான வழி இதுதான்.

மூன்று: அந்த இரண்டாம் பிரிவு. வறண்ட ஆறும் ஆறு, நிலத்தடி நீரும் நீரோடை. அப்படியென்றால் பாலாற்றின் தரம் என்பது ஓரிக்கை மணலுக்கடியில் எடுத்த நீரின் உப்பாகவும், நத்தப்பேட்டைக் கிணற்றின் நிறமாகவும் சேர்த்து அளக்கப்பட வேண்டும். எங்கே, எப்போது, எதை அளப்பது என்ற பட்டியலை நெசவாளர் சங்கமும் சாயக்காரரும் ஏரிப் பாசனக்காரரும் வேகவதிக்கரைச் சனங்களும் உட்கார்ந்து எழுத வேண்டும். முடிவுகள் தமிழில், தெருவில், படிக்கிற மாதிரி ஒட்டப்பட வேண்டும். சாயக்காரருக்கு அபராதச் சீட்டு போகுமுன் கழிவுநீர்க் குழாய் போக வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மில்லிகிராம், கோலிஃபார்ம், இசைவாணை என்று அரசு பேசும் மொழியை, ‘தண்ணி கரிக்குது’ என்று சனங்கள் பேசும் மொழிக்கும், சனங்களின் மொழியை மனுவாகவும் சாட்சியமாகவும் அரசின் மொழிக்கும் கொண்டுபோக ஆள் வேண்டும். ஆற்றுக்கு இரங்கற்பா எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரிய அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதித் தெருவில் வாசித்துக் காட்டுகிறவர்கள்தான் இப்போதைக்குத் தேவைப்படுகிறார்கள்.